ஓவர்கிளாக் செய்யப் போகிறீர்களா? முதலில் மதர்போர்டைப் பாருங்கள்!

2022-ஆம் ஆண்டு வைகாசி மாதம். ஒரு வியாழக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்குப் பாளையங்கோட்டையில் இருந்து அத்தான் போன் செய்தார்.

"மாப்ள, மறுபடியும் ஆஃப் ஆயிட்டு. ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க வீடியோவ வாங்க வாராங்க. நான் என்னத்தச் சொல்ல?"

அத்தான் கல்யாண வீடியோ எடுத்து, எடிட்டிங் செய்து கொடுப்பவர். அவருடைய கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்தது நான்தான். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 9 3900எக்ஸ் என்ற 12 கோர் ப்ராசசர் போட்டிருந்தேன். செலவைக் குறைப்பதற்காக மதர்போர்டை மட்டும் விலை குறைவாகப் பார்த்து வாங்கினோம். "வேலை செய்யப் போவது ப்ராசசர். மதர்போர்டு வெறும் பலகைதானே" என்று சொன்னவனும் நானே. அந்த ஆண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ப்ராசசரை ஓவர்கிளாக் செய்தேன். அதனுடன் வந்த கூலரைக் கழற்றிவிட்டு லிக்விட் கூலர் ஒன்றை மாட்டினேன். ரெண்டரிங் நேரம் குறைந்தது. அத்தானுக்கு மகிழ்ச்சி, எனக்குப் பெருமை.

கோடை வந்தது. முகூர்த்த நாட்களும் வரிசையாக வந்தன. ரெண்டரிங் ஆரம்பித்து இருபது நிமிடம் ஆனதும் கம்ப்யூட்டரின் வேகம் தரைமட்டத்துக்கு இறங்கும். சில நாட்களில் கம்ப்யூட்டரே ஆஃப் ஆகிவிடும். நான் சென்னையில் இருந்தபடியே போனில் விசாரித்தேன். ப்ராசசரின் வெப்பநிலை 70 டிகிரிக்கு மேல் போகவில்லை. "அப்படியானால் சூடு காரணமில்லை, எஸ்எம்பிஎஸ்தான் போயிருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னேன். அத்தான் 6,000 ரூபாய் கொடுத்துப் புது எஸ்எம்பிஎஸ் வாங்கி மாட்டினார். அதற்குப் பிறகு வந்ததுதான் மேலே சொன்ன போன். அக்கா என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் அதிகம் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை இரவு நெல்லை எக்ஸ்பிரஸைப் பிடித்தேன். சனிக்கிழமை காலை நான் போய்ச் சேர்ந்தபோது, அத்தானுக்குத் தெரிந்த சர்வீஸ் மெக்கானிக் ஒருவரும் வந்திருந்தார். அவர் கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு ரெண்டரிங்கை ஓடவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, ப்ராசசருக்குப் பக்கத்தில் சதுரம் சதுரமாக வரிசையில் நின்ற சில பாகங்களுக்கு நேராக, தொடாமல், உள்ளங்கையைக் காட்டினார்.

"சார், இங்க கை காட்டிப் பாருங்க."

பார்த்தேன். அடுப்புக்கு மேல் கையை நீட்டியது போல இருந்தது. அவர் வீட்டில் இருந்த டேபிள் ஃபேனை எடுத்து அந்த இடத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தார். அன்று இரவு ரெண்டரிங் விடிய விடிய ஓடி முடிந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை.

நான் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் படித்தவன். அந்தச் சதுரப் பாகங்கள் செய்யும் வேலையைக் கல்லூரியில் படம் வரைந்து விளக்கி 16 மதிப்பெண் வாங்கியவன். ஆனாலும் கண்ணுக்கு எதிரே இருந்ததைப் பார்க்கவில்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் நீங்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

ஓவர்கிளாக்கிங் என்றால் என்ன?

ஒவ்வொரு ப்ராசசருக்கும் அதைத் தயாரித்த நிறுவனம் ஒரு வேகத்தை நிர்ணயித்திருக்கும். 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்கு 400 கோடித் துடிப்புகள். பயாஸ் பகுதிக்குச் சென்று இந்த வேகத்தை நாமாகக் கூட்டி வைப்பதற்குத்தான் ஓவர்கிளாக்கிங் என்று பெயர்.

இது பழைய பழக்கம்தான். 1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்ற ப்ராசசர் 300 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்டது. மதர்போர்டின் பஸ் வேகத்தை 66-இல் இருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அது 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. பணம் கொடுக்காமல் பாதி வேகம் கூடுதலாகக் கிடைத்ததால் உலகெங்கும் அது பிரபலமானது.

வேகத்தைக் கூட்டும்போது ப்ராசசர் தடுமாறாமல் இருக்க, அதற்குக் கொடுக்கும் வோல்டேஜையும் சற்றுக் கூட்ட வேண்டியிருக்கும். சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான்.

230 வோல்ட் எப்படி 1 வோல்ட் ஆகிறது?

நம் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட் ஏசி மின்சாரம். எஸ்எம்பிஎஸ் அதை 12 வோல்ட் டிசி மின்சாரமாக மாற்றி மதர்போர்டுக்குக் கொடுக்கிறது. ஆனால் ப்ராசசருக்குத் தேவை ஏறத்தாழ 1 வோல்ட் முதல் 1.4 வோல்ட் வரைதான். இந்தக் கடைசி மாற்றத்தைச் செய்வது மதர்போர்டிலேயே உள்ள வோல்டேஜ் ரெகுலேட்டர் மாட்யூல். சுருக்கமாக வி.ஆர்.எம். என்பார்கள்.

வோல்டேஜ் குறைவுதானே, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். வாட் என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது. 125 வாட் எடுக்கும் ப்ராசசருக்கு 1.2 வோல்ட் கொடுத்தால், அதற்குள் பாயும் மின்னோட்டம் 104 ஆம்பியர்!

உங்கள் வீட்டில் உள்ள ஒன்றரை டன் ஏசி எடுப்பது சுமார் 7 ஆம்பியர். அப்படியானால் பதினான்கு ஏசிகளுக்குப் போகும் அளவு மின்னோட்டம், தபால்தலை அளவே உள்ள ஒரு சில்லுக்குள் பாய்கிறது. வோல்டேஜ் மிகக் குறைவு என்பதால் மின்கட்டணம் அந்த அளவுக்கு வராது. ஆனால் மின்னோட்டம் செல்லும் பாதைகளுக்கு அந்தச் சுமை உண்மையானதே.

வி.ஆர்.எம். எங்கே இருக்கிறது?

மதர்போர்டை நேராகப் பிடித்துப் பாருங்கள். ப்ராசசர் சாக்கெட்டின் இடது பக்கத்திலும் மேல் பக்கத்திலும் சிறு சதுரக் கட்டிகள் வரிசையாக இருக்கும். இவை சோக் எனப்படும் சுருள்கள். இவற்றுக்கு அருகில் தட்டையான சிறு கருப்புச் சில்லுகள் இருக்கும். இவையே மாஸ்ஃபெட்கள். சில போர்டுகளில் இவற்றின் மேல் உலோக ஹீட்சிங்க் மூடியிருக்கும். இன்னொரு பக்கம் சிறு உருளைகளாக நிற்பவை கெப்பாசிட்டர்கள். இந்த மூன்றும் சேர்ந்ததே வி.ஆர்.எம்.

இவை வேலை செய்யும் விதம் சுவாரசியமானது. மாஸ்ஃபெட் என்பது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச். அது ஒரு நொடிக்குப் பல லட்சம் முறை ஆன், ஆஃப் ஆகிறது. 12 வோல்ட்டை 1.2 வோல்ட்டாகக் குறைக்க வேண்டும் என்றால், மொத்த நேரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் ஸ்விட்ச் ஆன் நிலையில் இருக்கும்.

அப்படி விட்டு விட்டு வரும் மின்சாரத்தை ப்ராசசர் ஏற்காது. அதற்காகத்தான் சோக். தையல் மிஷினை ஒரு மிதி மிதித்துவிட்டால், காலை எடுத்த பிறகும் சக்கரம் சற்று நேரம் தானே சுற்றும் அல்லவா? அதேபோல ஸ்விட்ச் ஆஃப் ஆன நேரத்திலும் சோக் மின்னோட்டத்தை விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மின்னோட்டத்துக்குப் பாதை கொடுப்பதற்கென்றே இன்னொரு மாஸ்ஃபெட் உண்டு. மிச்சம் இருக்கும் ஏற்ற இறக்கத்தைக் கெப்பாசிட்டர் சமன் செய்கிறது. ப்ராசசர் திடீரென்று அதிக மின்சாரம் கேட்டால் தன் கையிருப்பில் இருந்து கொடுப்பதும் அதுவே.

இப்போது பல போர்டுகளில் இரண்டு மாஸ்ஃபெட்களையும் அவற்றை இயக்கும் சர்க்யூட்டையும் ஒரே சில்லில் அடக்கியிருப்பார்கள். இவற்றைப் பவர் ஸ்டேஜ் என்பார்கள்.

ஃபேஸ் எண்ணிக்கை எதற்காக?

மதர்போர்டு விளம்பரங்களில் "8+2 ஃபேஸ்" என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே சொன்ன மாஸ்ஃபெட், சோக் ஜோடி ஒன்றுக்கு ஒரு ஃபேஸ் என்று பெயர். முதல் எண் ப்ராசசரின் கோர்களுக்கானது. இரண்டாவது எண் ப்ராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் போன்ற மற்ற பகுதிகளுக்கானது.

கோயில் திருவிழாவில் சப்பரம் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பேர் தூக்கினால் ஒவ்வொரு தோளிலும் பாரம் அழுத்தும். எட்டுப் பேர் தூக்கினால் அதே சப்பரம் லேசாகிவிடும். ஃபேஸ்களும் அப்படித்தான் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றன் பின் ஒன்றாக முறை வைத்து இயங்குவதால் ப்ராசசருக்குக் கிடைக்கும் மின்சாரமும் சீராக இருக்கும்.

வெப்பத்திலும் இதற்குப் பெரிய பலன் உண்டு. ஒரு பாகத்தின் மின்தடையால் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் பாதியானால் வெப்பம் நான்கில் ஒரு பங்காகிவிடும். ஆகவே அதே தரமுள்ள நான்கு ஃபேஸ்களுக்குப் பதில் எட்டு ஃபேஸ்கள் இருந்தால், மின்தடையால் வரும் மொத்த வெப்பம் பாதியாகும். அந்தப் பாதியும் இரண்டு மடங்கு இடத்தில் பரவியிருக்கும்.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரே ஃபேஸுக்கு இரண்டு சோக்குகளை வைத்து எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் போர்டுகளும் உண்டு. தரமான ஆறு ஃபேஸ்கள், மலிவான பத்து ஃபேஸ்களைவிட நன்றாக வேலை செய்யலாம்.

15 சதவீத வேகத்துக்கு என்ன விலை?

இப்போது முக்கியமான கணக்குக்கு வருவோம். ப்ராசசர் எடுக்கும் வாட், வேகத்துக்கு ஏற்பக் கூடும். வோல்டேஜைப் பொறுத்தவரை அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஒரு மாதிரிக் கணக்கைப் பாருங்கள்.

• ஓவர்கிளாக் செய்வதற்கு முன்: 4 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட், 125 வாட், 104 ஆம்பியர்.

• ஓவர்கிளாக் செய்த பின்: 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட், சுமார் 182 வாட், 135 ஆம்பியர்.

வேகம் கூடியது 15 சதவீதம். ப்ராசசரின் வெப்பம் கூடியது 45 சதவீதம். மின்னோட்டம் கூடியது 29 சதவீதம். மின்தடையால் வி.ஆர்.எம். பகுதியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கம் என்பதால், அது கூடியது சுமார் 67 சதவீதம்!

அதாவது ஓவர்கிளாக்கிங்கில் ப்ராசசரைவிட அதிக அடி வாங்குவது அதன் பக்கத்தில் இருக்கும் வி.ஆர்.எம்.தான். நாம் கூலர் வாங்கி மாட்டுவதோ ப்ராசசருக்கு மட்டும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரு வி.ஆர்.எம். 90 சதவீதத் திறனுடன் இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ப்ராசசருக்கு 180 வாட் கொடுக்க அது 200 வாட் எடுக்கும். மீதி 20 வாட் வெப்பமாக அந்த இடத்திலேயே தங்கும். ரேடியோ மெக்கானிக் வைத்திருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அது ஈயத்தையே உருக்குகிறது. இந்த வெப்பத்தை வெளியேற்ற வழி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சூடானால் என்ன நடக்கும்?

மாஸ்ஃபெட் சூடாகச் சூடாக அதன் மின்தடையும் கூடும். மின்தடை கூடினால் வெப்பம் மேலும் கூடும். இப்படி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மேலே போகும். ஒரு எல்லையைத் தாண்டியதும் மதர்போர்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள, ப்ராசசரின் வேகத்தை மிகவும் குறைத்துவிடும். அதுவும் போதவில்லை என்றால் கம்ப்யூட்டரை ஆஃப் செய்துவிடும். அந்தப் பாதுகாப்பும் இல்லாத போர்டு என்றால் மாஸ்ஃபெட் எரிந்துவிடும். எரியும்போது பக்கத்தில் உள்ளதையும் சேர்த்துக்கொண்டு போகலாம்.

அத்தான் வீட்டில் நடந்தது முதல் இரண்டும். மூன்றாவது நடக்காமல் தப்பித்தது அதிர்ஷ்டம்.

உடனே கெடாவிட்டாலும் ஆயுள் குறையும். 2000-களின் தொடக்கத்தில் வந்த பல மதர்போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி, திரவம் கசிந்து கெட்டுப்போயின. தரம் குறைந்த எலக்ட்ரோலைட் திரவமே அதற்கு முக்கியக் காரணம். பக்கத்தில் இருந்த வெப்பம் அதை விரைவுபடுத்தியது. இன்று பெரும்பாலும் திரவம் இல்லாத சாலிட் கெப்பாசிட்டர்கள் வருகின்றன. இவற்றுக்கு ஒரு பொதுவான கணக்கு உண்டு. வெப்பநிலை 20 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ 10 மடங்கு கூடும். அதைத் திருப்பிப் போட்டால், 20 டிகிரி கூடினால் ஆயுள் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

லிக்விட் கூலர் செய்த வேலை

என் தவறுகளில் பெரியது எது தெரியுமா? நல்ல கூலர் போட்டதுதான்!

3900எக்ஸ் ப்ராசசருடன் ரெய்த் பிரிஸம் என்ற கூலர் வரும். அதன் ஃபேன் காற்றைக் கீழ்நோக்கி, மதர்போர்டின் மேல் ஊதும். அந்தக் காற்று நாலாபக்கமும் சிதறி, பக்கத்தில் உள்ள வி.ஆர்.எம். மீதும் படும். யாரும் கேட்காமலே அது செய்துகொண்டிருந்த உதவி அது. லிக்விட் கூலரில் ஃபேன்கள் கேபினெட்டின் ஓரத்தில் உள்ள ரேடியேட்டரில் இருக்கும். ப்ராசசரின் மேல் வெறும் பம்ப் மட்டும் உட்கார்ந்திருக்கும். ப்ராசசர் குளிர்ந்தது. ஆனால் வி.ஆர்.எம். மீது பட்டுக்கொண்டிருந்த காற்று நின்றுபோனது. நாங்கள் வாங்கிய போர்டில் மாஸ்ஃபெட்களுக்கு ஹீட்சிங்க்கும் கிடையாது. அந்த இடத்தின் வெப்பநிலையைத் திரையில் காட்டும் வசதியும் இல்லை.

ப்ராசசர் 70 டிகிரி என்று திரையில் காட்டியது பொய்யல்ல. நான்தான் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் மேல் பழி போட்டேன். பொங்கல் சமயத்தில் தாங்கிய போர்டு, கோடையில் அறையின் வெப்பம் பத்து டிகிரி கூடியதும் கைவிட்டுவிட்டது.

பெரிய போர்டுகளும் தப்பவில்லை

இது மலிவான போர்டுகளின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2017-இல் இன்டெல் நிறுவனம் எக்ஸ்299 சிப்செட்டையும், 10 கோர் கொண்ட கோர் ஐ9 7900எக்ஸ் ப்ராசசரையும் கொண்டுவந்தது. விலை உயர்ந்த வரிசை இது. டெர் பாவர் என்ற பெயரில் அறியப்படும் ஜெர்மானிய ஓவர்கிளாக்கர் ரோமன் ஹார்டுங், இந்தப் போர்டுகளில் ஓவர்கிளாக் செய்தபோது வி.ஆர்.எம். அளவுக்கு மீறிச் சூடாவதை வீடியோவில் காட்டினார்.

காரணம் ஹீட்சிங்க்கின் வடிவம். பார்க்க அழகாக, வழவழப்பான உலோகக் கட்டியாக இருந்தது. காற்று நுழைந்து வெளியேறத் துடுப்பு போன்ற தகடுகள் போதிய அளவு இல்லை. ப்ராசசருக்கு மின்சாரம் கொண்டுவர ஒரே ஒரு 8 பின் கேபிள் மட்டும் இருப்பதும் போதாது என்று அவர் சுட்டிக்காட்டினார். அதன் பிறகு வந்த போர்டுகளில் துடுப்புகள் கொண்ட ஹீட்சிங்க்குகள் மீண்டும் இடம்பிடித்தன.

ஓவர்கிளாக் செய்யாதவர்களுக்கும் இது தேவையா?

தேவை. இன்றைய ப்ராசசர்கள் தாமாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்கின்றன. இன்டெல் கோர் ஐ7 12700 ப்ராசசரின் அடிப்படை அளவு 65 வாட். ஆனால் டர்போ வேகத்தில் 180 வாட் வரை எடுக்க அதற்கு அனுமதி உண்டு. கோர் ஐ9 12900கே 125 வாட்டில் இருந்து 241 வாட் வரை போகும். ஏஎம்டி ரைசன் 9 7950எக்ஸ் 170 வாட் என்று குறிப்பிடப்பட்டாலும் 230 வாட் வரை எடுக்கும்.

இன்டர்நெட் பார்ப்பது, கடிதம் டைப் செய்வது போன்ற வேலைகளுக்கு இந்த அளவு தேவைப்படாது. ஆனால் வீடியோ ரெண்டரிங், முப்பரிமாண வடிவமைப்பு போல மணிக்கணக்கில் எல்லாக் கோர்களும் உழைக்கும் வேலை என்றால், மலிவான போர்டு இந்த ப்ராசசர்களுக்கு முழு வேகத்தைக் கொடுக்காமல் போகலாம். நீங்கள் காசு கொடுத்தது முழு வேகத்துக்கு!

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. சிப்செட்: இன்டெல்லில் பெயரில் கே எழுத்துள்ள ப்ராசசர்களும் இசட் வரிசைச் சிப்செட்களும் ஓவர்கிளாக்கிங்குக்கு உரியவை. ஏஎம்டியில் பெரும்பாலான பி, எக்ஸ் வரிசைச் சிப்செட்களில் செய்யலாம். ஏ320, ஏ520 ஆகியவற்றில் முடியாது. சிப்செட் அனுமதிக்கிறது என்பதற்காக வி.ஆர்.எம். தாங்கும் என்று பொருளில்லை. அத்தானின் போர்டும் அனுமதித்த போர்டுதான்.

2. ஹீட்சிங்க்: மாஸ்ஃபெட்களின் மேல் உலோக ஹீட்சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். திருகு போட்டு இறுக்கியிருப்பதும், துடுப்புகள் உள்ளதும், கையில் கனமாக இருப்பதும் நல்லது. சிலவற்றில் மேலே தெரிவது வெறும் பிளாஸ்டிக் மூடி. படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

3. மின் இணைப்பு: பென்டியம் 4 வந்த 2000-ஆம் ஆண்டில் ப்ராசசருக்கென்று தனியாக 4 பின் 12 வோல்ட் இணைப்பு அறிமுகமானது. அதிகக் கோர் உள்ள ப்ராசசருக்கு 4 பின் போதாது. 8 பின் இணைப்பு இருக்கட்டும்.

4. பவர் ஸ்டேஜ் அளவு: தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு ஃபேஸும் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று போட்டிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். 50 ஆம்பியர் வீதம் எட்டு என்றால் 400 ஆம்பியர். இது நன்கு குளிர்ந்த நிலைக்கான அளவு. நம் தேவை அதில் பாதிக்குள் இருப்பது நல்லது.

5. சோதனை விமர்சனங்கள்: அந்த மாடலில் வி.ஆர்.எம். வெப்பநிலையை அளந்து சொல்லும் விமர்சனங்களைத் தேடிப் படியுங்கள். சோதித்த அறை 20 டிகிரி என்றால், நம் ஊர்க் கோடைக்கு இன்னும் 15 டிகிரி சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்களா?

கவலைப்பட வேண்டாம். கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள்.

• எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, வி.ஆர்.எம். அல்லது மாஸ் என்ற பெயரில் வெப்பநிலை காட்டுகிறதா என்று பாருங்கள். நீண்ட நேர வேலையிலும் 90 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். 100 டிகிரியைத் தாண்டினால் கவனிக்க வேண்டும்.

• அப்படி எதுவும் காட்டாவிட்டால், நீண்ட வேலை நடக்கும்போது ப்ராசசரின் வேகத்தைக் கவனியுங்கள். ப்ராசசர் சூடாகாமலே வேகம் மட்டும் திடீரென்று விழுந்தால் வி.ஆர்.எம். மீது சந்தேகப்படலாம். பக்கத் தகட்டைக் கழற்றி, வெளியில் இருந்து ஒரு ஃபேனைத் திருப்பி வைத்துப் பாருங்கள். பிரச்சினை நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. உள்ளே எதையும் விரலால் தொடாதீர்கள், கொப்பளித்துவிடும்.

• கேபினெட்டின் பின்பக்கம் காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று கட்டாயம் வேண்டும். வி.ஆர்.எம். இருப்பது அதற்கு மிக அருகில்தான். முன்பக்கம் காற்றை உள்ளே இழுக்கவும் ஒன்று இருக்கட்டும்.

• லிக்விட் கூலர் வைத்திருந்தால், வி.ஆர்.எம். பக்கம் காற்று போக வேறு வழி செய்யுங்கள்.

• பயாஸில் ப்ராசசருக்கான பவர் லிமிட்டைக் குறைத்து வைக்கலாம். கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸுக்குத்தான் மின்சாரம் அதிகம் செலவாகிறது. ஆகவே வாட்டைக் கணிசமாகக் குறைத்தாலும் வேகம் கொஞ்சம்தான் குறையும்.

• ஓவர்கிளாக் செய்தே ஆக வேண்டும் என்றால் வோல்டேஜைச் சிறு சிறு படியாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓட்டிப் பாருங்கள். ஐந்து நிமிடச் சோதனை போதாது. வி.ஆர்.எம். மெதுவாகத்தான் சூடேறும். ஓவர்கிளாக்கிங்கால் ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அத்தானின் கம்ப்யூட்டர் என்ன ஆனது?

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஓவர்கிளாக்கை எடுத்துவிட்டேன். பரண் மேல் கிடந்த பழைய கூலரைத் தேடி எடுத்து மீண்டும் மாட்டினோம். பின்பக்கம் 500 ரூபாய்க்கு ஒரு ஃபேன் வாங்கிப் போட்டோம். ரெண்டரிங் முன்பைவிடச் சில நிமிடங்கள் அதிகம் ஆயிற்று. ஆனால் அந்தச் சீசன் முழுவதும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆடி மாதம் வேலை குறைந்ததும், நல்ல ஹீட்சிங்க் உள்ள மதர்போர்டு ஒன்றை என் செலவில் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். லிக்விட் கூலருக்குக் கொடுத்த பணத்தை முதலிலேயே மதர்போர்டில் போட்டிருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓவர்கிளாக்கால் ஒரு வீடியோவுக்கு மிச்சமான நேரம் சில நிமிடங்கள். அதனால் வீணானது பல இரவுகள், ஒரு எஸ்எம்பிஎஸ், அத்தான் வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டிவந்த சமாதானங்கள்.

ஓவர்கிளாக்கிங் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் கம்ப்யூட்டரில் இன்றும் செய்துதான் வைத்திருக்கிறேன். ஆனால் இப்போது யாராவது ப்ராசசர் எது வாங்கலாம் என்று கேட்டால், எந்த மதர்போர்டில் போடப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன். அன்று டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்த மெக்கானிக், போகும்போது அத்தானிடம் சொல்லிவிட்டுப் போனது இதுதான்: "மாட்டுக்கு மட்டும் தண்ணி காட்டுனா போதாதுண்ணே. வண்டி அச்சுக்கும் மை போடணும்."